நான் அடைத்த நான்கு ஓட்டைகள்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் நாசர் என் வீடு தேடி வந்தார். "முப்பது வருஷத்துக்கு கிட்ட டிங்கரிங் பண்ண பொம்பள இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்க்கா. இனிமையான நினைவுகளா நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். சரி என்றேன். காபியைக் குடித்து முடித்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த மதாம் வண்டி சமாச்சாரத்த மட்டும் விட்டுடுங்க" என்றார். அவர் வந்ததே அதைச் சொல்லத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆகவே அதைத்தான் எழுதப் போகிறேன். இனிமைதான் வேண்டுமென்றால் அவர் மிட்டாய்க் கடைக்காரரிடம் கட்டுரை கேட்டிருக்கலாம்.

நாசர், கபூர் பாயின் மகன். கபூர் பாய் என் முதலாளி, எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். இப்போது உயிரோடு இல்லை. அவர் பெயர் கெட்டுவிடும் என்று மகன் பயப்படுகிறார். படித்து முடித்துவிட்டு யார் பெயர் கெட்டது என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலருக்கு எழுதுகிற மூத்தவர்கள் எல்லாரும், அந்தக் காலத்தில் வேலை சுத்தம், இப்போது எல்லாம் ஏமாற்று என்று எழுதுவார்கள். நான் எழுத மாட்டேன். அந்தக் காலத்திலும் பட்டிதான் பூசினோம். துரு தின்ற ஓட்டைக்குள் கோணித் துணியைத் திணித்து, அதன்மேல் பட்டியை அப்பி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து அனுப்பிய வண்டிகள் எனக்குத் தெரியும். அவற்றைத் தேய்த்த கை இதுதான். இன்றைக்கு ஷெட்டுகளில் இருக்கும் பையன்கள் எங்களைவிட எந்த விதத்திலும் மோசமில்லை. அவர்களிடம் நல்ல மெஷின் இருக்கிறது, எங்களிடம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் வீடு ரெட்டியார்பாளையத்தில். அப்பாவுக்கு மில்லில் வேலை. மில் மூடியபோது எனக்குப் பத்தொன்பது வயது. விழுப்புரம் சாலையில் இருந்த கபூர் பாய் ஷெட்டில் வாட்டர் பேப்பர் தேய்க்க ஆள் கேட்டார்கள். தண்ணீரை ஊற்றி ஊற்றி, பட்டி பூசிய இடத்தை வழவழப்பாகும்வரை தேய்க்கிற வேலை. மூன்று வருடம் அதையேதான் செய்தேன். விரல் ரேகை அப்போது தேய்ந்து போனது. ஆதார் எடுக்கப் போனபோது மெஷின் என் விரலை ஏற்கவில்லை. அங்கிருந்த பெண், "கைய நல்லா தொடச்சிட்டு வைங்கம்மா" என்று நான்கு முறை சொன்னாள். துடைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வெல்டர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்காமல் பத்து நாள் வேலை தேங்கி நின்றது. நான் கேட்டேன், பாய் கொடுத்தார். அந்த வாரமே ஒரு வாடிக்கையாளர் என் கையில் வெல்டிங் டார்ச்சைப் பார்த்துவிட்டு, "பொம்பளையா என் வண்டிக்கு வெல்டிங் வைக்குது?" என்று கேட்டார். பாய் தலையைக்கூடத் தூக்காமல், "வண்டிக்கு அது தெரியாதுங்க" என்றார். அவர் எனக்குச் செய்த நல்லதில் அது ஒன்று. இதையும் எழுதாமல் விடமாட்டேன்.

பாய் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். துருத் தூளும் பெயிண்ட் புகையும் பறக்கிற ஷெட்டில் தினமும் முழுக்கை வெள்ளைச் சட்டையோடு நிற்பார். சாயங்காலம் வரை அதில் ஒரு கறை விழுந்து நான் பார்த்ததில்லை. சத்தம் போட மாட்டார். வேலை சரியில்லையென்றால் சின்னச் சுத்தியலை எடுத்து நம் கையில் கொடுத்து, "தட்டிக் கேளு" என்பார். நல்ல தகடு கணீரென்று பேசும். உள்ளே துரு பிடித்த தகடு சளி பிடித்தவன் குரலில் பேசும். தட்டிக் கேட்டால் நம் தப்பு நமக்கே தெரிந்துவிடும். அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

அவர் சட்டைப் பையில் ஒரு காந்தம் இருக்கும். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது. பெயிண்டில் கீறல் விழாமலிருக்க அதைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருப்பார். பழைய கார் வாங்க நினைப்பவர்கள் வண்டியை முதலில் பாயிடம்தான் கொண்டு வந்து காட்டுவார்கள். அவர் காந்தத்தை வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வருவார். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். தடிமனாகப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாமல் கையோடு வந்துவிடும். "இங்க இரும்பு இல்ல" என்று மெல்லச் சொல்வார். விற்க வந்தவன் முகம் செத்துப்போகும்.

ஆனால் எங்கள் ஷெட்டில் வேலை முடிந்து வெளியே போகும் வண்டிமேல் அந்தக் காந்தம் ஒரு நாளும் பட்டதில்லை. சேர்ந்த இரண்டாவது வருடமே இதை நான் கவனித்துவிட்டேன். கேட்கத்தான் தைரியம் வர நாளாயிற்று.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அது எங்கள் ஷெட்டில் மட்டும் இல்லை, ஊர் முழுக்க இருந்தது. செய்த வேலை ஒரு வருடத்தில் பல்லைக் காட்டினால், வாடிக்கையாளரிடம் "உப்புக் காத்துங்க" என்று சொல்லிவிட வேண்டும். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, பதில் பேசாது. இந்த ஊரில் டிங்கர்கள் செய்த தப்பையெல்லாம் இத்தனை வருடமாகக் கடல்தான் சுமக்கிறது.

இனி மதாம்.

மதாம் தெரேஸ் பிள்ளைச்சாவடியில் கடலுக்கு நூறு அடி தூரத்தில் குடியிருந்தார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர், ஊர்ப்பேச்சில் சொல்தா. அவர் இறந்தபின் பென்ஷனும், ஒரு வெள்ளைக் காரும், ரஃபேல் என்ற மகனும் மதாமுக்கு இருந்தார்கள். ரஃபேலுக்கு இருபது வயதிருக்கும். சின்ன வயதிலேயே இரண்டு காலும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று நாள் டவுனுக்கு வந்து கால்களுக்குப் பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் ஏற முடியாது, ஆட்டோவில் உட்கார முடியாது. மதாமே காரை ஓட்டி அழைத்து வருவார். ரஃபேலை ஏற்றி இறக்குவதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கார்க் கதவைத் திறந்து, சக்கர நாற்காலிக்கும் காருக்கும் நடுவே ஒரு பலகையைப் போடுவார்கள். பலகையின் ஒரு முனை காரின் படிமேல் இருக்கும். ரஃபேல் கைகளை ஊன்றிப் பலகைமேல் நகர்ந்து நகர்ந்து சீட்டுக்குப் போவார். அவருடைய மொத்தக் கனமும் அந்தப் படியில்தான் இறங்கும்.

படி என்று நாங்கள் சொல்வது, கதவைத் திறந்ததும் காலுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீளமாக ஓடுகிற இடம். வெளியே பார்த்தால் கெட்டியாகத் தெரியும். உள்ளே அது வெறும் தகடால் ஆன வெற்றுப் பெட்டி. கதவு வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அதற்குள் வந்து சேரும். வெளியேறுவதற்கு அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள்.

இதைக் கம்பெனிக்காரன் தெரிந்துதான் செய்திருக்கிறான். எனக்குத்தான் தெரியவில்லை.

அந்தக் கார் முதல் தடவை ஷெட்டுக்கு வந்தபோது நான் வெல்டிங் எடுத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இடது பக்கப் படியில் துரு. அடிப்பக்கத்தில் நான்கு ஓட்டைகள் இருந்தன. நான்கின் ஓரமும் துரு தின்று பிய்ந்து கிடந்தது. துருவைத் தேடித் தேடிப் பழகிய கண்ணுக்கு ஓட்டை என்றாலே பகைதான். அடித் தகட்டை முழுசாக வெட்டி எடுத்தேன். புதுத் தகடு வெட்டி, வளைத்து, பற்றவைத்து, ராவி, பெயிண்ட் அடித்தேன். ஒரு ஊசிகூட நுழைய முடியாதபடி அடைத்துவிட்டேன். பாய் குனிந்து, விரலால் அடிப்பக்கத்தை ஒரு முறை தடவிப் பார்த்தார். "சுத்தமா இருக்கு அஞ்சலை" என்றார். அவர் வாயிலிருந்து நான் வாங்கிய முதல் பாராட்டு அது. அன்று வீட்டுக்குப் பஸ்ஸில் போகாமல் நடந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. காருக்குப் பதினைந்து வயது முடிந்து, தகுதிச் சான்றான எஃப்.சி.க்குக் காட்ட வேண்டிய நேரம் வந்தது. அங்கங்கே பெயிண்ட் தட்டிக் கொடுத்தால் போதும் என்று மதாம் திங்கட்கிழமை வண்டியை விட்டுப் போனார். வெள்ளிக்கிழமை சோதனை. நான் பழக்கத்தில் சுத்தியலை எடுத்து இடது படியைத் தட்டினேன். சளி பிடித்த குரல் கேட்டது. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது டீத்தூள் நிறத்தில் தண்ணீர் வழிந்து, என் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது. நின்றபாடில்லை.

அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இரண்டு வருடத்து மழை அது. போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, உள்ளிருந்து தின்றிருக்கிறது. கார்ப்பெட்டை எடுத்துப் பார்த்தேன். சீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம் படியோடு சேரும் இடத்தில் நனைந்த பிஸ்கட் போல உதிர்ந்தது. சீட்டின் போல்ட்டுகளில் ஒன்று கையோடு வந்தது. ஓடிப்போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினேன்.

பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உட்கார்ந்து பார்த்தார். வேட்டி நுனி தரையில் படாமல் மடித்துப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"மேல ஒரு தகட்ட வெச்சு நாலு எடத்துல பத்த வை. பட்டி பூசு. அடியில கறுப்பு பெயிண்ட் அடிச்சுடு. வெள்ளிக்கெழம எஃப்.சி. முடிஞ்சிடும்."

"அந்தப் புள்ள இது மேலதான் உக்காருது பாய்."

"ஆறு மாசம் தாங்கும். அப்புறம் நிதானமா பாத்துக்கலாம்."

"பாய், இது தானா வந்த துரு இல்ல. தண்ணி போற ஓட்டைய நான்தான் அடச்சிட்டேன்."

"தெரியும்" என்றார்.

"எப்பத்துலருந்து?"

"அன்னிக்கே. தடவிப் பாத்தப்பவே தெரிஞ்சுது."

"சுத்தமா இருக்குன்னு சொன்னீங்களே?"

"சுத்தமாத்தான் இருந்துச்சு. பெயிண்ட் அடிச்சு முடிச்சிட்ட. மதாம் வாசல்ல வந்து நிக்கிறாங்க. அப்புறமா ரெண்டு ஓட்ட போட்டுக்கலாம்னு விட்டேன். மறந்துட்டேன்."

பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகக் கோபத்தைக் கிளப்பியது. பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இரண்டு வருடம் நான் நெஞ்சில் வைத்திருந்த பாராட்டு, ஒரு அவசரத்துக்குச் சொன்ன வார்த்தை. அது பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். ஆனால் அந்த இரண்டு வருடமும் வாரத்துக்கு மூன்று நாள் ஒரு மனிதன் இதன்மேல் கையை ஊன்றி நகர்ந்திருக்கிறான்.

அன்று மாலையே மதாம் வந்தார். பாய் எழுந்து நின்று, வழக்கமான குரலில், "கொஞ்சம் துரு இருக்கு மதாம், உப்புக் காத்து" என்று ஆரம்பித்தார்.

"உப்புக் காத்து இல்ல மதாம்" என்றேன். "நான் பண்ண தப்பு."

ஷெட்டில் சுத்தியல் சத்தம் நின்றது. நான் அவரைப் படியருகே அழைத்துப் போய், ஸ்க்ரூடிரைவரை அவர் கண்முன்னே குத்தி இறக்கிக் காட்டினேன். ஓட்டை எதற்கு என்று சொன்னேன். நான் அடைத்ததைச் சொன்னேன். பாய்க்குத் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. அதை அவரே சொல்லட்டும் என்று இருந்தேன்.

மதாம் முதலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பிறகு தமிழுக்கு வந்தார். "எத்தன நாளா இப்புடி இருக்குது?"

"ரெண்டு மழையா மதாம்."

"ரெண்டு மழையா நான் எம் புள்ளய இது மேல ஏத்தி எறக்கிக்கிட்டு இருந்திருக்கேன்." பாய் பக்கம் திரும்பினார். "முசே கபூர், இவ வாயத் தொறக்கலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது மதாம். எனக்கு அப்பவே தெரியும். நான் சொல்லல" என்றார் பாய்.

பிறகு என்னிடம் திரும்பி, அதே அமைதியான குரலில், "நாளைக்கு நீ வர வேணாம் அஞ்சலை" என்றார்.

இப்படிச் செய்தால் வாடிக்கையாளர் கண்ணீரோடு கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். மதாம் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "இவ அடச்சா, இவளே தொறக்கட்டும். எங்க வீட்டு வாசல்ல, எங் கண்ணு முன்னாடி" என்றார். அதைத் தண்டனையாகத்தான் சொன்னார். அந்தக் காரை அவர் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட, பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு போனேன். மடியில் என் சுத்தியலும் உளியும் மட்டும் இருந்தன.

வெள்ளிக்கிழமைச் சோதனைக்கு மதாம் வேறு தேதி வாங்கினார். அரியாங்குப்பத்தில் கிரில் கேட் செய்யும் என் தங்கை வீட்டுக்காரர் சிலிண்டர்களையும் டார்ச்சையும் கொண்டுவந்து கொடுத்தார். எட்டு நாள் வேலை நடந்தது.

இதை எப்படிச் செய்தேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இன்றும் அவசரத்தில் விடுகிற இடங்கள் இவை. முதல் நாள் டார்ச்சைத் தொடவே இல்லை. பெட்ரோல் டாங்கைக் கழற்றித் தூரத்தில் வைத்தேன். சீட்டு, கார்ப்பெட், தரையில் ஒட்டியிருந்த தார் அட்டை எல்லாவற்றையும் எடுத்தேன். கதவுகளைக் கழற்றும் முன் வண்டியின் உடம்பு வளையாமலிருக்க, உள்ளே குறுக்காக ஒரு இரும்புக் குழாயைக் கட்டினேன். படியை வெட்டும்போது வண்டி நடுவில் தொய்ந்தால் அப்புறம் எந்தக் கதவும் சேராது.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உளி. துரு முடிந்த இடத்தில் வெட்டை நிறுத்தக் கூடாது. வெள்ளைத் தகடு தெரிந்தபின்னும் இரண்டு விரல் அகலம் தள்ளி வெட்ட வேண்டும். மனசு வராது. ஓட்டை பெரிதாகப் பெரிதாக, வேலை கெட்டுப்போகிறதோ என்று பயம் வரும். மூன்றாம் நாள் முடிவில், படியும் குறுக்குச் சட்டமும் தரையில் பாதியும் போய், காருக்குள்ளிருந்து பார்த்தால் மணல் தெரிந்தது.

ரஃபேல் பூவரச மர நிழலில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரோடு பேச எனக்கு முகம் இல்லை. அவர்தான் ஆரம்பித்தார்.

"அஞ்சலைக்கா, ஓடுறப்பவே உடைஞ்சிருந்தா நான் என்னா ஆயிருப்பேன்?"

"அப்புடி கேக்காதீங்க தம்பி."

"இல்லக்கா, கேக்கறேன். அம்மா எப்பவும் முன்னாடி பாத்துதான் ஓட்டுவாங்க. நான் விழுந்தத கோரிமேட்டுல சிக்னல் வந்தப்புறம்தான் பாத்திருப்பாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். "நீ அழுதா வேல யாரு பாக்கறது?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உளியை எடுத்தேன்.

நான்காம் நாள் அட்டையில் அளவு வெட்டி, அதை வைத்துத் தகடு வெட்டினேன். வெளியே தெரியாத உள்பக்கத்துக்கும் ரெட் ஆக்சைடு அடித்துக் காயவைத்தேன். பிறகு பற்றவைப்பு. ஒரே இழுப்பில் பற்றவைத்தால் சூட்டில் தகடு அப்பளமாக வளைந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி இன்னொரு புள்ளி, உடனே ஈரத்துணி. பிறகு நடுவில் ஒன்று, மறுபடி ஈரத்துணி. ஒரு கையால் டார்ச், ஒரு கையால் கம்பி, துணி வைக்க மூன்றாவது கை இல்லை. ஆறாம் நாள் மதாம் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து, "எப்ப வைக்கணும்னு சொல்லு" என்றார். ஈரத்துணியை அவர் வைத்தார். அதுதான் எங்களுக்குள் நடந்த சமாதானம்.

அடித் தகட்டில் ஓட்டைகள் போட்டேன். நான்கு அல்ல, ஆறு. உள்ளே எண்ணெயும் மெழுகும் காய்ச்சி ஊற்றி, அது ஓட்டைகளை மூடிவிடாமல் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பார்த்தேன்.

சோதனை நாள் வந்தது. வரிசையில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நின்றன. எங்களுக்கு மூன்று வண்டி பின்னால் வேறு யாருடைய காரோடோ கபூர் பாய் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை. பார்த்தார், நானும் பார்த்தேன், வணக்கம் சொல்லவில்லை.

சோதனை செய்ய வந்தவர் குனிந்து, டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். "என்னம்மா அடியில ஓட்டையா இருக்கு? அடச்சிட்டு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.

மதாம் என் முகத்தைப் பார்த்தார். அடைத்துக் கொடுப்பது அரைமணி நேர வேலை. சாயங்காலத்துக்குள் கையெழுத்து வாங்கிவிடலாம். பிறகு வீட்டுக்குப் போய் மறுபடி ஓட்டை போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்புறமாகப் போட்டுக்கொள்ளலாம். இந்தச் சொல் மனசில் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு அப்புறமாவில்தான் இரண்டு வருடம் போனது.

"அடைக்க மாட்டேன் சார்" என்றேன்.

அவர் திரும்பி வந்தார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். நான் ரஃபேல் மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி, படியின் மேல்பக்கத்து ரப்பர் மூடியைக் கழற்றி, முழுவதையும் உள்ளே ஊற்றினேன். கீழே ஆறு இடத்தில் தண்ணீர் இறங்கியது. ஒரு தாரை அவர் ஷூவை நனைத்தது.

"அடச்சா இந்தத் தண்ணி உள்ளதான் சார் நிக்கும். ஏற்கனவே ஒருத்தி அடச்சா, அது நான்தான். ரெண்டு வருஷத்துல தரையே போயிடுச்சு. இந்தத் தம்பி உக்கார்ற எடம் சார் இது. அடைக்கத்தான் வேணும்னா, அடைக்கச் சொன்னேன்னு நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். பிறகு தன் சின்னச் சுத்தியலை எடுத்துப் படியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போனார். கணீர் என்றது, கடைசி வரைக்கும். "அவர உக்காரச் சொல்லுங்க" என்றார். பலகையைப் போட்டோம். ரஃபேல் கையை ஊன்றி நகர்ந்து போய்ச் சீட்டில் உட்கார்ந்து, ஆடிக் காட்டினார். தேவைக்கு மேலேயே ஆடினார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர், கேட்டால் புரிந்துகொள்கிறவர். எதிர்த்துச் சொல்லத்தான் அன்றுவரை அவருக்கு யாரும் இருக்கவில்லை.

அவர் நகர்ந்ததும் கபூர் பாய் வந்தார். வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஆறு ஓட்டையா? கம்பெனிக்காரன் நாலுதான விட்டிருந்தான்?"

"அவன் வீடு பிள்ளைச்சாவடில இல்ல பாய்."

அவர் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். கைக்குட்டையோடு படியில் வைத்தார், ஒட்டியது. எடுத்து ஒரு சாண் தள்ளி வைத்தார். மறுபடி ஒட்டியது. முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை அப்படியே போனார். கடைசி இடத்தில் வைத்தவர், எடுக்கவில்லை. எழுந்து அவர் வண்டிக்கு நடந்தார்.

"பாய், காந்தம்" என்று கூப்பிட்டேன். திரும்பாமல் கையை மட்டும் அசைத்தார்.

அதன்பிறகு அவர் ஷெட்டுக்கு நான் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. சொந்தமாக ஒரு ஷெட் போட்டேன். முழங்கால் மடக்க முடியாமல் போகும்வரை, இருபத்திரண்டு வருடம் நடத்தினேன். வேலை முடிந்த ஒவ்வொரு வண்டியையும் சொந்தக்காரர் கண்முன்னே அந்தக் காந்தத்தால் சுற்றி வந்துதான் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். என் ஷெட்டில் கடல்மேல் பழி போட்ட வேலையாளை அன்றே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். அதற்காகப் பின்னாலும் வருத்தப்படவில்லை, இப்போதும் இல்லை.

மேலே உள்ளதை எழுதிக் கொடுத்துப் பத்து நாள் கழித்து நாசர் மறுபடி வந்தார். அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

"இத எப்புடிக்கா போடறது? வாப்பா பேரு என்னாவறது?" என்றார்.

"உங்க வாப்பா ஒரு தடவ மறச்சாரு. கேட்டப்ப மறைக்கல. ரெண்டையும் எழுதி இருக்கேன். நான் அடச்சதயும் எழுதி இருக்கேன்."

அவர் வேறு பக்கமாக வந்தார். "அந்தக் காந்தம் வாப்பாவோடதுதான? குடுத்தீங்கன்னா சங்க ஆபீஸ்ல கண்ணாடிப் பெட்டில வெச்சிடலாம். மரியாதையா இருக்கும்."

"கண்ணாடில அது ஒட்டாது நாசர்" என்றேன்.

உள்ளே போய் எடுத்து வந்தேன். வாசலில் அவருடைய கார் நின்றிருந்தது. பழைய கார், புதுப் பெயிண்ட், வெயிலில் பளபளவென்று இருந்தது. வாப்பாவுக்குப் பின் அவர் நடத்தும் ஷெட்டில் செய்த வேலை. என் முழங்கால் மடங்காது. காந்தத்தை அவர் கையில் கொடுத்து, "நீங்களே வெச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாவைப் போலவே வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முன் சக்கரத்துக்கு அருகில் வைத்தார், ஒட்டியது. ஒரு சாண் தள்ளி வைத்துக் கையை எடுத்தார். காந்தம் நழுவி மண்ணில் விழுந்தது.

நாசர் அதையே பார்த்தார். பிறகு எடுத்து, மண்ணைத் தன் சட்டையில் துடைத்து, என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அப்புடியே போட்டுடறேன்க்கா" என்றார்.